15 வாட் போதுமடா சாமி!

லினக்ஸில் எனக்குப் பிடித்த நிரல் எது என்று இன்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். ரைசன்அட்ஜ். இதற்கு ஐகான் கிடையாது, பொத்தான் கிடையாது, அழகான ஜன்னலும் கிடையாது. டெர்மினலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எட்டிப் பார்க்கும். சி மொழியில் எழுதிய கொஞ்சம் கோப்புகள், அவ்வளவுதான் மொத்தச் சொத்து. ஆனால் அது செய்கிற காரியம் இருக்கிறதே, அப்பப்பா! என் மடிக்கணினியின் ப்ராசஸர் எத்தனை வாட் இழுக்கலாம் என்பதை இப்போது நான் தீர்மானிக்கிறேன். இவ்வளவு நாளும் அதை எனக்காக யாரோ முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

என்னுடையது ஏஎம்டி ரைசன் 5 5500யூ. 2021இல் வந்த சில்லு. 6 கோர், 12 த்ரெட். ஏஎம்டியின் கணக்குப்படி இது 15 வாட் ஆசாமி. ஆனால் மடிக்கணினி தயாரிப்பவர்கள் தங்கள் விருப்பப்படி 10 வாட்டிலிருந்து 25 வாட் வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று சலுகை உண்டு. என் பெட்டியைச் செய்தவர்கள் 25இல் போய் நின்றுவிட்டார்கள். விமர்சனம் எழுதுபவர்கள் பெஞ்ச்மார்க் ஓட்டும்போது எண் பெரிதாக வரட்டும் என்ற ஆசைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். மெல்லிசான உடம்பு, உள்ளே ஒரே ஒரு ஃபேன். அதற்கு மேல் மதுரையில் கத்திரி வெயில். பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து, டெசராக்டிடம் கொடுத்து எழுத்தாக மாற்றுவது என் பொழுதுபோக்கு. பக்கங்களைக் கட்டுக் கட்டாக எல்லாக் கோர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தால், வெப்பநிலை 90ஐத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபேன் அலறும். அடுக்களையிலிருந்து அம்மா, “மிக்ஸியில என்னத்தடா போட்டு அரைக்கிற?” என்பார்.

இதற்கு மருந்து தேடாதவன் இல்லை நான். டிஎல்பி போட்டிருக்கிறேன், சிபியூபவர் போட்டிருக்கிறேன், பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமனையும் விடவில்லை. எல்லாம் நல்ல கருவிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவை பேசுவது கெர்னலோடு. “கொஞ்சம் நிதானமாக ஓடு” என்று கேட்டுக்கொள்ளும். உச்சவரம்பு எத்தனை வாட் என்ற இடத்தை நேரடியாகத் தொடாது. இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. கெர்னலின் பவர்கேப் அடைவுக்குள் போய் ஒரு எண்ணை எழுதினால் வரம்பு மாறிவிடும். ஏஎம்டிக்காரனுக்கு அங்கே செலவான ஆற்றலைப் படிக்க மட்டும்தான் அனுமதி, மாற்ற வழியில்லை. அந்த வழியைத் திறந்துவிட்ட மகராசன் ஜியாசுன் யாங் என்ற நிரலாளர். எல்ஜிபிஎல் உரிமத்தில், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம் என்று வெளியிட்டிருக்கிறார். நன்றாக இருக்கட்டும் அவர்!

யாரோ கட்டி வைத்த பொதியை இறக்கிக்கொள்ளாமல் சோர்ஸிலிருந்தே கட்டுவது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன். வீம்பு இல்லை. ரூட் உரிமையோடு ஓடி, சில்லின் ரெஜிஸ்டரில் கை வைக்கிற நிரல் இது. அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உள்ளே விடுவதற்கு மனம் ஒப்பவில்லை. படித்துப் பார்த்துவிட்டுக் கட்டினால் ராத்திரி தூக்கம் வரும்.

கட்டுவதற்குப் பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். ஜிசிசி, மேக், சிமேக் மூன்றும் வேண்டும். நாலாவதாக ஒன்று, அதைத்தான் பலர் கவனிக்காமல் விடுவார்கள்: பிசிஐ நூலகத்தின் ஹெடர் கோப்புகள். டெபியன், உபுண்டு என்றால் லிப்பிசிஐ-டெவ். ஃபெடோரா என்றால் பிசிஐயூட்டில்ஸ்-டெவல். ஆர்ச்காரர்களுக்கு வெறும் பிசிஐயூட்டில்ஸ் போதும். இது இல்லாவிட்டால் பிசிஐ ஹெடரைக் காணோம் என்று பாதியில் நின்றுவிடும். நூலகம் ஏற்கெனவே கணினியில் இருக்குமே, பிறகு ஏன் காணோம் என்கிறது என்று குழம்ப வேண்டாம். நூலகம் ஓடுவதற்கு, ஹெடர் கட்டுவதற்கு. பொதி செய்பவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கிட் குளோன் அடித்து மூலநிரலை இறக்கி, அதற்குள் பில்ட் என்று ஓர் அடைவு திறந்து, அங்கே நின்றுகொண்டு சிமேக்கைக் கூப்பிட வேண்டும். கட்டும் வகை ரிலீஸ் என்று சொல்லிவிட வேண்டும். அது சுற்றுமுற்றும் பார்த்து, கம்பைலர் இருக்கிறது, நூலகம் இருக்கிறது என்று தலையாட்டும். அடுத்து மேக். எழுதி முடித்து என்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் 100 சதவீதம் என்று வந்து நிற்கிறது! பெரிய மென்பொருள்களைக் கம்பைல் செய்யப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய் வரும் வழக்கமுள்ளவனுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருந்தது. பில்ட் அடைவில் ரைசன்அட்ஜ் என்ற நிரலும், கூடவே மற்ற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ள ஒரு பகிர்வு நூலகமும் உட்கார்ந்திருந்தன. நிரலை எடுத்து யூஎஸ்ஆர்-லோக்கல்-பின் அடைவில் போட்டேன். நிறுவல் முடிந்தது. சிறிய நிரல் எழுதுவது ஒரு கலை. அந்தக் கலை தெரிந்தவர் எழுதியது இது.

இனி உள்ளே நடப்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் மயங்கி விழுந்த இடம் அதுதான். ஏஎம்டி சில்லுக்குள் எஸ்எம்யூ என்று ஒரு குட்டிக் கட்டுப்பாட்டு அலகு இருக்கிறது. தனக்கென்று ஃபர்ம்வேர் வைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு ஓடும். எந்தக் கோருக்கு எவ்வளவு மின்னழுத்தம், எப்போது வேகம் கூட்டுவது, எப்போது அடக்குவது என்று நாட்டாமை செய்வது அதுதான். கெர்னல் கேட்கலாம், தீர்ப்பு எஸ்எம்யூவுடையது. ரைசன்அட்ஜ் நேராக அந்த நாட்டாமைக்கே கடிதம் போடுகிறது. அந்த வழிக்கு மெயில்பாக்ஸ் என்றுதான் பெயர். பிசிஐ பாதையில் முதல் சாதனமாக நிற்கும் ரூட் காம்ப்ளெக்ஸில் இரண்டு ரெஜிஸ்டர்கள். ஒன்றில் எஸ்எம்யூவின் எந்த முகவரி வேண்டும் என்று எழுத வேண்டும். மற்றதில் அங்கே போட வேண்டிய தகவல். பதில் ரெஜிஸ்டரை முதலில் பூஜ்யமாக்கி, மதிப்புகளை வரிசையாக வைத்து, கடைசியாகக் கட்டளை எண்ணை எழுதிவிட்டு, பதில் மாறும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1 வந்தால் சரி. எஃப்இ என்று வந்தால் அந்தக் கட்டளையே அதற்குத் தெரியாது. எஃப்டி வந்தால் முன்நிபந்தனை ஒன்று நிறைவேறவில்லை. எஃப்சி வந்தால் எனக்கு வேறு வேலை இருக்கிறது, அப்புறம் வா! இவ்வளவும் மூலநிரலில் சில வரிகளில் பளிச்சென்று கிடக்கிறது. சி மொழி சுமாராகத் தெரிந்த எனக்கே புரிந்தது. கட்டளை எண்கள் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் எந்தக் குடும்பத்துச் சில்லு என்று முதலில் கண்டுபிடித்துக்கொள்கிறது.

குடும்பப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிக்காசோ, ரெனுவார், செசான், ரெம்ப்ராண்ட் என்று ஓவியர்களாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவிக்குள் இருப்பது வான் கோ. என்னுடையது லூசியன். நிரலுக்குப் பின்னால் ஒரு ஹைஃபனும் ஐ எழுத்தும் போட்டு ஓட்டினால் முதல் வரியிலேயே அந்தப் பெயர் வந்து நிற்கும். பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் இல்லாத, சில்லின் வீட்டுப் பெயர்.

அந்த ஐ கட்டளை காட்டும் அட்டவணைதான் என் பொக்கிஷம். எழுதுவது சுலபம், படிப்பது கொஞ்சம் கஷ்டம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அட்டவணை எஸ்எம்யூ நிரப்பி வைக்கும் நினைவகப் பகுதியில் இருப்பதால், கெர்னலின் பாதுகாப்பு அதை லேசில் காட்டாது. அதற்கு ரைசன்-எஸ்எம்யூ என்று ஒரு தனி கெர்னல் மாட்யூல் இருக்கிறது. அதை டிகேஎம்எஸ் வழியாகப் போட்டுவிட்டால் கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் தானே மறுபடி கட்டிக்கொள்ளும். செக்யூர் பூட் போட்டு வைத்திருப்பவர்களுக்குத் தலைவலி இன்னும் ஒன்று. கெர்னல் பூட்டு விழுந்துவிடும், எழுதவும் முடியாது. மாட்யூலுக்குக் கையெழுத்துப் போட்டு சாவியைப் பதிவு செய்ய வேண்டும், அல்லது செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். நான் கையெழுத்துப் பக்கம்தான் போனேன். ஒருமுறை செய்தால் தீர்ந்தது.

அட்டவணையில் வரிசையாக எண்கள் வந்து விழுந்தபோது வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். வரம்பு ஒரு வரி, இப்போதைய மதிப்பு அடுத்த வரி. மூன்று வரம்புகள் முக்கியம். ஃபாஸ்ட் வரம்பு என்பது அந்தந்தக் கணத்தில் இழுக்கக்கூடிய உச்சம். ஒரு பக்கத்தைத் திறக்கும்போது சில்லு குபீரென்று பாய்வதற்கு இதுதான் இடம் கொடுக்கிறது. ஸ்லோ வரம்பு சில நொடிச் சராசரிக்கு. எஸ்டிஏபிஎம் வரம்பு நீண்ட நேரச் சராசரிக்கு. அதன் விரிவில் ‘தோல் வெப்பநிலை’ என்ற சொல் வருகிறது. மடிக்கணினியின் மேல்தோல்தான்! உள்ளே சில்லு நிறையவே சூட்டைத் தாங்கிக்கொள்ளும். வெளியே இருக்கும் உறை சூடேறி, மடியில் வைத்திருப்பவன் தொடை வேகக் கூடாது என்பதற்காக ஒரு வரம்பு. உறை சூடேற நேரம் பிடிக்கும், ஆகவே நீண்ட சராசரி. பொறியாளர்கள் எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். பிறகு விற்பனைக்காரர்கள் வந்து 25 என்று போட்டார்கள்.

எண்ணை மாற்றுவது ஒரே ஒரு வரி. அலகு மில்லிவாட் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 15 வாட் வேண்டும் என்றால் 15000. எஸ்டிஏபிஎம் வரம்பு 15000, ஸ்லோ 15000, ஃபாஸ்ட் மட்டும் தாராளமாக 22000. வெப்பநிலை வரம்பு 80. என்டர். ஒவ்வொன்றும் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது என்று நாலு வரிகள் வந்தன. பின்னால் டெசராக்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியதை என்ன சொல்ல! வெப்பநிலை எழுபதுகளில் வந்து நின்றது. மின்செலவைக் காட்டும் டர்போஸ்டாட்டைத் திறந்து பார்த்தேன், மொத்தச் சில்லும் 15 வாட்டுக்குக் கோடு போட்டாற்போல் அடங்கியிருந்தது.

வேகம்? இங்கேதான் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சில்லு செலவழிக்கும் மின்சாரம் அதிர்வெண்ணோடு நேராகவும், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடும் ஏறும். அதிர்வெண்ணைக் கூட்ட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஏறுவதாக வைத்துக்கொண்டால் செலவு மும்மடிப் பெருக்கமாகப் போகும். 20 சதவீதம் வேகம் கூட்டினால் 1.2ஐ மூன்றுமுறை பெருக்க வேண்டும், 1.73. அதாவது 73 சதவீதம் கூடுதல் செலவு! இதையே திருப்பிப் போடுங்கள். 25 வாட்டை 15 ஆக்கினால் மின்சாரம் 40 சதவீதம் குறைகிறது. வேகம் 16 சதவீதம்தான் குறையும். இது சுத்தமான தாள் கணக்கு, நிஜத்தில் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி போன்றவை தங்கள் பங்கை எப்போதும் வாங்கிக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். என் இதழ்க் கட்டு ஒரு மணி நேரத்தில் முடிந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்காகவா இத்தனை நாள் இந்த அலறலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்!

ஆசை விடவில்லை. இன்னும் கீழே இறக்கிப் பார்த்தேன். 10 வாட்டில் எழுதலாம், படிக்கலாம், படம் பார்க்கலாம். ஃபேன் சுற்றுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். 6 வாட் சித்திரவதை. மவுஸ் அம்பு நகர்வதற்குள் பொறுமை போய்விடும். என் தீர்ப்பு: கனமான வேலைக்கு 15, மற்றதற்கு 10.

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவனிடமும் ரைசன் மடிக்கணினிதான், விளையாட்டுக்கென்றே வாங்கியது. நான் அட்டவணையைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்: “மாமா, இத வச்சு எவ்ளோ ஏத்தலாம்?”

“ஏத்துறதுக்கு எதுக்கு மாப்ள? எறக்கிப் பாரு.”

“எறக்குறதுக்கா இவ்ளோ பாடு?”

அவன் கேட்டதிலும் தப்பில்லை. இந்தக் கருவியைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்றத்தான் வருகிறார்கள் என்பது என் எண்ணம். கையில் பிடித்து விளையாடும் கணினிகளுக்கான பல நிரல்கள் உள்ளே இதைத்தான் வைத்திருக்கின்றன. ஏற்றுவதற்கு எதிரி இல்லை நான். ஆனால் சார்ஜரும், சில்லுக்கு மின்சாரம் ஊட்டும் பாகங்களும் எந்த அளவுக்குச் செய்தவை என்று தெரியாமல் வரம்பை உயர்த்துவது வேண்டாத வேலை. இறக்குவதில் அந்தப் பயமே கிடையாது. அவனுடைய கணினியிலும் கட்டிக் கொடுத்தேன். விளையாட்டு ஓடும்போது ப்ராசஸருக்கான வரம்பை இறக்கி விட்டால், பொதுவான வெப்பக் குழாயில் கிராஃபிக்ஸ் சில்லுக்கு இடம் கிடைக்கிறது. ஃப்ரேம் எண்ணிக்கை நிலையாக நின்றதைப் பார்த்த பிறகு பையன் ஏற்றுகிற பேச்சை எடுக்கவில்லை.

இதில் நான் காதலிக்கும் இன்னொரு குணம், எதுவும் நிரந்தரமில்லை என்பது. எழுதிய எண்கள் எஸ்எம்யூவின் நினைவில் மட்டும் இருக்கும். மறுபடி துவக்கினால் பழைய வரம்புகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பயாஸைத் தொடவில்லை, எதையும் எரித்து எழுதவில்லை. சோதித்துப் பார்க்க இதைவிட நிம்மதியான இடம் ஏது? அதே குணம்தான் தொல்லையும். தூங்கி எழுந்தாலும் மறந்துவிடும். என் கணினியில் சார்ஜர் செருகினாலும் அதன் ஃபர்ம்வேர் தன் 25ஐத் திரும்ப எழுதிவிடுகிறது. அதனால் சிஸ்டம்டியில் ஒரு சிறிய சர்வீஸ், துவங்கும்போது ஒருமுறை, தூங்கி எழும்போது ஒருமுறை ஓடுமாறு எழுதி வைத்திருக்கிறேன். சில மடிக்கணினிகளின் ஃபர்ம்வேர் இன்னும் பிடிவாதமானது. சில நொடிக்கொருமுறை தன் எண்ணை எழுதும். அங்கே டைமர் போட்டு மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

விண்டோஸிலும் இது ஓடும். ஆனால் அங்கே சில்லைத் தொட வின்ரிங்0 என்ற டிரைவர் வேண்டும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரிந்த விஷயம். 2025இல் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரே அதைப் பிடித்து ஓரங்கட்ட ஆரம்பித்தது. லினக்ஸில் இருப்பவர்களுக்கு அந்த வம்பு இல்லை.

இப்போது யூடெவ் விதி ஒன்று எழுதி முடித்திருக்கிறேன். மின்னிணைப்பு மாறும் செய்தியைக் கெர்னல் எழுப்பியதும், சார்ஜர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, பிடுங்கினால் 10000, செருகினால் 15000 என்று ரைசன்அட்ஜைத் தானே கூப்பிடும். ஃபர்ம்வேர் தன் எண்ணை எழுதி முடிக்கட்டும் என்று இரண்டு நொடி காத்திருந்து கூப்பிடுகிறது. அந்தத் தாமதம் இல்லாவிட்டால் நாம் எழுதியதன் மேல் அது எழுதிவிடும். அடுத்து, கட்டும்போது கூடவே கிடைத்த அந்தப் பகிர்வு நூலகத்தைப் பைதானிலிருந்து கூப்பிட்டு, டெசராக்ட் ஓடும்போது அட்டவணை எண்களைக் கோப்பில் பதியப் போகிறேன். 12 வாட்டிலும் இதே வேலை நடக்கும் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, அதையும் பார்த்துவிட வேண்டும்.